கழிவு

மருந்து அரசாங்கம் தரும் என்றுதான்
எல்லாரும் சொல்வார்கள்.
ஊசிக்குத் தரும்.
வீட்டில் விழுங்கும் குளிசைக்கு
ஒரு படிவம், பிறகு இன்னொன்று,
பிறகு பதினைந்து வேலைநாட்கள்.
புற்றுக்கு ஞாயிறு லீவு இல்லை.

கார் நிறுத்த நாளுக்குப் பதினெட்டு டொலர்.
பேக்கரியில் நான் போகாமல் விட்ட இரவுகளை
யசோ கலண்டரில் எண்ணுவாள்,
நான் பார்க்காத நேரம்.

மாசிக் கடைசி ஞாயிறு. ஸ்காபரோ,
தவமலர் அக்கா வீட்டு நிலவறை.
இருபது பேர், இருபதாயிரம் சீட்டு.
படியெல்லாம் பனி உருகும் சப்பாத்துகள்.
ஐயாயிரம் கழிவு போனாலும் எடுத்தே தீருவதென்று
காருக்குள் இருந்து கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"ஆர் கேக்கிறியள்?"
"நூறு" என்றேன், தொடங்கி வைக்க.

கூரை ஒழுகும் மேர்சி தேத்தண்ணியை ஊதினாள்.
மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டிய அருளப்பு
தன் காலுறை ஓட்டையைப் பார்த்தார்.
குகதாசன் என் பக்கம் திரும்பவேயில்லை.
ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில்
அவருக்குச் செவ்வாய்தோறும் வேலை,
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒருதரம்" என்றா அக்கா.
"ரெண்டுதரம்."
சூடாக்கி மட்டும் இரைந்தது.

எண்ணித் தந்த காசுக்குள் அந்த நூறும் இருந்தது.
"சில்லறையை ஆர் இருபதாப் பிரிக்கிறது? கொண்டு போ."

யசோ கேட்டாள், எவ்வளவு கழிவு போச்சு?
சொன்னேன். நம்பாமல்
கட்டிலில் பரப்பித் திரும்ப எண்ணினாள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்"
என்றாள், தலைத்துணியை
இறுக்கிக் கட்டிக்கொண்டு.