சட்டம்

அவர் இறந்த செய்தி வானொலியில் வந்தபோது
ஒரு கல்யாணப் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.
மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில்
ஆணி கொஞ்சம் கோணலாக இறங்கியது.
அவ்வளவுதான் என் அஞ்சலி.

பத்து மணிக்கெல்லாம் ஆள் வரத் தொடங்கிவிட்டது.
சுங்கை மெர்பாவ் பெரிய ஊர் இல்லை.
ஒரே தெரு, இரண்டு வங்கி,
எந்தப் பக்கம் நடந்தாலும் செம்பனை.
பால்மரத்தைச் சாய்த்து அதை நட்டதும் அவர் காலத்தில்தான்.
மரத்தடியில் நின்றவர்களை எங்கே நடுவது என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

நாளிதழில் வெட்டிய படம், பழைய நாட்காட்டிப் படம்,
தேர்தல் சுவரொட்டியிலிருந்து உரித்த
மழையில் ஊறிய பாதி முகம்.

"பொன்னிறச் சட்டம் போடுங்க" என்றார் இந்திராணி டீச்சர்.
லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்.
மின்சாரம் வந்த அன்று
போட்டு அணைத்து, போட்டு அணைத்து
அம்மாவிடம் அடி வாங்கினாராம்.
சொல்லும்போதே விரல் மேலும் கீழும் போனது.
தம்பியைப் பற்றி அவர் பேசவில்லை.
பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்ற கடிதத்தை
இதே மேசையில் வைத்துச்
சட்டம் போடச் சொன்னவன் அவன்.
நான் போடவில்லை.
அவனும் திரும்ப வரவில்லை.

நெடுஞ்சாலைக்கு நிலம் போன ஹாஷிம்
விலை மட்டும் கேட்டார்.
"சதுர அடிக்குப் பார்த்தால்
எனக்கு அவர் தந்ததைவிட இது அதிகம்"
என்று அதே சாலையில் மோட்டார் சைக்கிளை விட்டார்.

பள்ளி அலுவலகப் படத்தைத் துடைக்க அனுப்பியிருந்தார்கள்.
பின்னட்டையைப் பிரித்தால்
அவருக்குப் பின்னால் அவருக்கு முந்தியவர்,
அந்த முந்தியவருக்குப் பின்னால்
அரைக்கால் சட்டையில் ஒரு துரை,
கடைசியில் கரையான்.
படம் ஆடாமலிருக்க யாரோ அடைத்து வைத்தது.
கரையானைத் தட்டிவிட்டு
மற்றவர்களை அதே வரிசையில் திரும்ப வைத்தேன்.

கடை சாத்தும் நேரம் சன்னாசி வந்தார்.
தொழிற்சங்கத்துச் சன்னாசி.
விசாரணை இல்லாமல் இரண்டு வருடம் உள்ளே.
"எந்தச் சட்டம்?" என்று கேட்ட பிறகுதான்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவருக்கு அதன் எண் தெரியும், பிரிவு தெரியும்.
சிரித்துவிட்டு, "கறுப்பு" என்றார்.
"கண்ணாடி வேண்டாம்."
"தூசு படியுமே."
"படியட்டும். கண்ணாடி போட்டால்
என் மூஞ்சி அதில் தெரியும்."

அப்புறம் எதற்கு இது என்று கேட்க
வாய் வந்தது. கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
முப்பது வருடம் சிவப்பு ஐசியோடு கிடந்த
பெண்டாட்டிக்கு நீல ஐசி வந்தது
இந்த மனுசன் ஆட்சியில்.
"அவள் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டு என்கிறாள்.
நான் குளியலறைச் சுவர் என்கிறேன்.
ராத்திரி பேசி முடிக்கணும்."

காசு வாங்கிக்கொண்டு
இரண்டு ஆணி கொடுத்தனுப்பினேன்.