முப்பத்து—

சனி இரவு இரண்டு பத்துக்கு
போஹுமில் அழைத்தான்.
"வ்லஸ்தா, குரல்கள் கிழிகின்றன."

அவசர எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம்
அவன் கூடத்தில்தான் வந்து சேரும்.
ஒரு சொல்லின் நடுவே வெற்றிடம்,
பிறகு பாதிச் சொல்.
புர்னோவில் பனி விழுந்துகொண்டிருந்தது,
ட்ராம் கம்பிகள்கூட அடங்கியிருந்தன.

படுக்கையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன்.
முப்பத்திரண்டு கோர்கள்.
நெட்வொர்க் கார்டு எத்தனை முறை கதவைத் தட்டியது,
யார் எழுந்துபோய்த் திறந்தது என்று
கெர்னல் கணக்கு வைத்திருக்கும்,
வட்டிக்கடை நோட்டுப் போல.
பூஜ்யமாம் கோரின் கீழே
பதினொரு இலக்க எண்.
மற்ற முப்பத்தொன்றின் கீழும்
சைபர், சைபர், சைபர்,
ஆளில்லாத தெருவில் வரிசையாய் எரியும் விளக்குகள்.

யாரும் வஞ்சகமாய்ச் செய்ததல்ல.
இயந்திரம் எழும்போது முதலில் விழிப்பது அது.
முதலில் விழித்தவன் தலையில்
எல்லா வேலையும் விழும்.
அவனிடம் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை.
வேறொருவனிடம் கொடு என்றும் சொல்லவில்லை,
அவ்வளவுதான்.

தட்டல் என்றால் இதுதான்:
செய்துகொண்டிருப்பதை அந்த எழுத்திலேயே நிறுத்து,
பக்கத்தில் விரல் வைத்துக்கொள்,
போய்த் திற, வாங்கு, திரும்பி வா.
வினாடிக்கு நாற்பதாயிரம் முறை.
திரும்பி வரவே நேரமில்லாதபோது
வாசலில் பொட்டலங்கள் குவியும்.
குவிந்தது வழியும்.
வழிந்ததை யாரும் பொறுக்குவதில்லை.

மாஸ்க் எழுதினேன்.
பெயர்தான் முகமூடி; எதையும் மறைப்பதற்கல்ல,
எந்தெந்த முகம் வாசலுக்கு வரலாம் என்பதற்கு.
எட்டு வரிசைகளை எட்டு கோர்களுக்குப் பிரித்தேன்.
எண்கள் நகர்ந்தன. சிரித்தேன்.
பத்து வினாடி.
மறுபடி எல்லாம் பூஜ்யத்தின் தலையில்.

சமன் செய்யவென்றே ஒரு நிரல் பின்னால் ஓடுகிறது.
பத்து வினாடிக்கொருமுறை எழுந்து
தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிட்டு உறங்கும்.
நாலு வருடம் முன்பு யாரோ அதற்கு
ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்:
மின்சாரத்தை மிச்சம் பிடி.
யாரோ அல்ல.
நான்.

நான் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது
இரண்டு இருபத்தொன்று.
ஒரு பெண் குரல்: ஜிடெனிட்சே, மேட்டுத் தெரு,
புகை, எண் முப்பத்து—
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் "சீக்கிரம்".
திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வண்டியோடு போனவன் ஒதகார்.
முப்பத்தொன்று தொடங்கி முப்பத்தொன்பது வரை.
ஒற்றை எண்கள் இந்தப் பக்கம், இரட்டை எதிர்ப்பக்கம்.
ஆறு பேரை நடுத்தெருவில் நின்று பிரித்தான்,
நீ இது, இது, நீ எதிரே அந்த இரண்டு,
பனியில் கையை வெட்டி வெட்டி.
மூச்சு விடுமுன் முடிந்துவிட்டது.
எல்லாக் கதவும் ஏறக்குறைய ஒன்றாகத் தட்டப்பட்டன.

முப்பத்திரண்டில் ஈரத் தலையோடு ஒருவன்.
முப்பத்தைந்தில் நாய் மட்டும்.
முப்பத்தேழில் ஒருத்தி திட்டினாள்,
காலை ஷிப்டாம், வழக்குப் போடுவாளாம்.
முப்பத்தெட்டில் கதவு சுட்டது.

ஜன்னல் வழியாக இறக்கினார்கள்.
போர்வைக்குள் இருமிக்கொண்டே கேட்டாளாம்:
"முப்பத்தெட்டு என்றுதானே சொன்னேன்?"

இரண்டு முப்பத்துநாலுக்குக் குரல்கள் தெளிந்தன.
போஹுமில் நன்றி சொன்னான். எனக்கு.

விடிந்ததும் அறிக்கை.
காரணம் என்ற கட்டத்தில்
"இயல்புநிலை அமைப்பு" என்று எழுதினேன்.
பொய்யில்லை. அழித்தேன்.
திரும்ப அதையே எழுதினேன்.

அனுப்புமுன் பட்டியலை மீண்டும் பார்த்தேன்.
எட்டு எண்களும் நிதானமாய் ஏறுகின்றன.
கீழே, கடைசிக்குப் பக்கத்தில், கடிகாரத்தின் வரி:
முப்பத்திரண்டிலும் எண் இருக்கிறது,
அவரவர் தட்டலுக்கு அவரவரே எழ வேண்டும்.
அதை இன்னொருவருக்கு மாற்றித்தர
மாஸ்க் எழுதும் கோப்பே கிடையாது.
தேடிப் பார்த்தேன்.