வாய்க்கால் புறம்போக்கு

கிராம வரைபடத்தில் இதற்குப் பெயர் கிடையாது.
சர்வே எண் 214/3, வாய்க்கால் புறம்போக்கு.
மேலத்தெருவில் கன்னி வாய்க்கால் என்பார்கள்,
பள்ளிவாசல் பக்கம் வெறும் ஓடை,
ஞானாபுரத்தில் பாலத்தடி.
எங்கள் தெருவுக்கு அது தண்ணிதான்.
வந்துச்சா? வரலையா?

கல்லணை திறந்து பதினெட்டு நாள்.
செய்தியில் வந்துவிட்டது, கடைமடைக்கு வரவில்லை.
குளத்தில் இறைத்து வளர்த்த நாற்று
நுனி தீய்ந்து பீடித்துண்டு நிறம்.
காலியாய்க் கிடக்கும் வாய்க்காலைக் கடல் விடாது;
உப்பு ஒரு மைல் ஏறியிருந்தது.

லஸ்கர் மருத்துவ விடுப்பில்.
மதகு திருகும் இரும்புக் கைப்பிடி என்னிடம்.
அவருக்குப் பதில் ஆள் நான்,
சம்பளம் அவர் மனசு போல.

மேலத்தெருக்காரன் மணல்மூட்டை போட்டிருப்பான் என்று
ரோணிக்கம் அரிவாள் எடுத்துக்கொண்டாள்.
காட்டாமணக்கு வெட்டத்தான் என்றாள்.
ஆறு பெண்கள் கரையோடு நடந்தோம்.
குத்புதீன் டீக்கடைக்குப் பின்னால்
அவரும் கைலியை மடித்துக் கட்டி இறங்கினார்:
கழுவுதண்ணி போக வழியில்லாமல்
மூன்று நாளாய் அவர் வாசலிலேயே நாறுகிறதாம்.

மூன்றாவது மதகு.
மேற்கே கரை தொட்டுத் தண்ணீர்,
கிழக்கே தவளைக்கு முட்டி நனையவில்லை.
மூட்டை எதுவும் இல்லை.
மதகும் திறந்துதான் இருந்தது,
நான் சுமந்துவந்த இரும்புக்கு வேலையில்லை.
வெங்காயத்தாமரைக்கு அடியில்
வழவழவென்று ஏதோ, தோல் போல.
நினைத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தைலம்மை மூழ்கி ஒரு விளிம்பைப் பிடித்தாள்.
இழுத்தோம்.

ஃப்ளெக்ஸ். இருபதுக்குப் பத்து.
தர்ஷித்துக்குக் காதணி விழா.
கிரீடம் வைத்து, சிங்கத்தின் மேல் சாய்ந்து குழந்தை.
கீழே கறுப்புக் கண்ணாடியில்
தாய்மாமன்கள் ஒன்பது பேர்,
சேறு வழிய வழிய
அப்போதும் கும்பிட்டபடி.

ரோணிக்கம் சிரித்துச் சிரித்து
அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.
நான் சிரிக்கவில்லை.
இடமிருந்து நாலாவது மாமனிடம்
வட்டிக்கு வாங்கியிருக்கிறேன்.

தண்ணீர் சத்தம் போடவில்லை.
முதலில் ஒரு சருகு திரும்பிப் படுத்தது.
அப்புறம் நாங்கள் திரும்பி நடந்தோம்,
அது முந்திக்கொண்டது.

ஐப்பசியில், கொள்முதல் நிலையத்தில்,
எடை போடாத ஐந்தாம் நாள் மழை.
என் முப்பது மூட்டைக்கும் மேல் தர்ஷித்.
டிராக்டரை நிறுத்திவிட்டு
அவன் அப்பா வந்து நின்றார்.
எங்கள் தெருப்பக்கம் கால் வைக்காத மனிதர்.
காற்றில் புரண்ட ஓரத்தை இழுத்து
ஒரு செங்கல்லை எடுத்து வைத்தார்.

"நனையலையே?" என்றார்.

நெல்லைத்தான் கேட்டார்
என்று நினைக்கிறேன்.