பதினான்கு மாதம்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி கார் நிறுத்தம்.
சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே போய்விட்டேன்.
ஆறிக் கிடக்கும் இன்ஜினின்
முதல் இருமலில்தான் உண்மை வரும்.

பானெட்டில் உள்ளங்கை வைத்தேன்.
சுட்டது.

மூன்று நாளாய் எடுக்கவில்லை என்றாரே, போனில்.
ஒன்றும் கேட்காமல் குனிந்தேன்.
டயரின் விலாவில் நான்கு இலக்கம்,
பிறந்த வாரமும் வருடமும்;
நாலில் ஒன்று மட்டும் இளையது.
அதே பக்கத்துக் கதவிடுக்கில்
என் சுண்டுவிரல் நகம் நுழைகிறது,
மறுபக்கம் நுழையவில்லை.
ரப்பரை விலக்கினால் அடியில் வேறொரு சிவப்பு.
மீட்டர் நாற்பதாயிரம் என்கிறது.
தேய்ந்து வழுக்கையான கிளட்ச் மிதி
அதை நம்பவில்லை.

பதினோராயிரம் குறையுங்கள் என்றேன்.
லியாவ் கியாட் ஹொங் வாதாடவில்லை.
'விடியற்காலை துவாஸ் வரை போய்வந்தேன்.
சும்மாதான் லா.'

சிஓஇ இன்னும் பதினான்கு மாதம்.
இரும்புக்கு முன் காகிதம் செத்துவிடும் ஊர்.
நானோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்,
பாரம் தொங்குகையில்
அவசரப்படக் கூடாதென்று பன்னிரண்டு வருடம்
கையைக் கட்டிப் பழக்கியவள்.

பதினொன்று எட்டாயிரமாய் இறங்கியது.
இறக்கியது என் வாய்தான்.

கைபேசியில் இரண்டு தட்டு, கார் என் பெயரில்.
பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் சேரும்போது
இரண்டாம் கியர் பல்லைக் கடித்தது.
மாடி வளைவுகளில் ஏறி இறங்கிப் பார்த்ததெல்லாம்
முதல் கியரில்.