இடது கால்

புறாவுக்குத் தோற்சட்டை தைத்துத் தந்தவர்
கல்முனைச் சந்தையில் செருப்புத் தைப்பவர்.
நெஞ்சளவு எடுக்கையில் கேட்டார்:
"இது கலியாணத்துக்கா, சண்டைக்கா?"
இரண்டுக்கும் நடுவில் என்றேன்.
இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

ஒலுவில்.
மண் நிரம்பி வாய் அடைத்துப்போன துறைமுகம்.
படகு ஓடாத இடத்தில் உள்ளான்கள் மேய்கின்றன.
உள்ளான்களைத் தேடி அவள் வருகிறாள்,
அவளைத் தேடி நாங்கள்.
கலங்கரை விளக்கின் கம்பியில்
நான்கு மாரியாக ஒரே இடத்தில் எச்சம்.

பங்குனி. வெள்ளாமை வெட்டி முடிந்த கிழமை.
வாடை ஓய்ந்துவிட்டது. இனி எந்த விடியலிலும்
வல்லூறு வடக்கே கிளம்பிவிடலாம்.

மீன்பெட்டி அடுக்கிய மறைப்புக்குள் மூன்று பேர்.
ஜெஸீலின் கையில் கயிறு.
கிருபாலினியின் மடியில் தராசும் நோட்டும்.
என் சட்டைப்பையில் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம்;
ஆறு வருடம் தொலைநோக்கியில் மட்டும்
பார்த்த கண்கள்.
சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை.
ஒருத்தரும் இருமவில்லை.

முதலில் அறிந்தது புறாதான்.
மணலோடு மணலாய்த் தட்டையானது.
கழுத்தை மட்டும் ஒருக்களித்து
ஒரு கண்ணை வானத்துக்குக் கொடுத்தது.
மறுகா ஒரு சத்தம்,
புதுச்சேலையை யாரோ
ஒரே இழுவையில் கிழித்த மாதிரி.

"இழு!" என்று நான் கத்தியதாக
ஜெஸீல் சொல்கிறான்.
எனக்கு நினைவில்லை.

வலைக்குள்ளும் அவள்
புறாவின் முதுகை விடவில்லை.
விரல் விரலாகப் பிரித்தேன்.
தோலில் நான்கு ஓட்டை,
தோலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.
பயமில்லை அதில், கோபமுமில்லை.
நான் நகர்ந்தால் பின்னால் என்ன இருக்கிறது
என்று பார்ப்பவளின் பார்வை.

அடி வெட்டிய பால்மா டின் இரண்டை
ஒட்டிச் செய்த குழாய்.
தலைப்பக்கமாய் உள்ளே விட்டதும் அடங்கிவிட்டாள்.
வெளியே நீண்டன இரு கால்கள்,
நாட்பட்ட எலுமிச்சை மஞ்சளில்.

"டின்னைக் கழித்தால்
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்."
ஒரு கிலோ சீனிக்கும் குறைவு.
இமயத்தைச் சுற்றி வந்ததா,
மேலாக வந்ததா இந்த எடை?
வளையம் அதைச் சொல்லாது.

கரைவலைக்காரர் ஒருவர் எட்டிப்பார்த்தார்.
"என்னத்துக்கு மனே இலக்கம்?"
"செத்தா, எங்க கிடந்தாலும்
எங்களுக்கு அறிவிப்பாங்க."
சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.
அவர் தலையாட்டிவிட்டு வலைக்குப் போய்விட்டார்.

கிருபாலினி இலக்கத்தை வாசித்தாள்,
பின்னாலிருந்தும் ஒருமுறை வாசித்தாள்.
அவளுக்கு எண்கள் பிசகுவதில்லை.
தமையனின் முறைப்பாட்டு இலக்கத்தை
எந்தக் கந்தோரிலும், பதினேழு வருடமாக,
தாளைப் பார்க்காமல்தான் சொல்கிறாள்.

இடுக்கியை மூடினேன்.
வளையம் சுழல வேண்டும், கழலக் கூடாது.
நடுவில் ஒரு நெல் நுழையும் இடைவெளி.

விட்டால் வடக்கே போவாள் என்றிருந்தோம்.
போகவில்லை.
கலங்கரை விளக்கில் ஏறி
இடது காலைத் தூக்கித் தூக்கிக் கொத்தினாள்.
ஆறே முக்காலுக்குத் தொடங்கிப்
பத்தரை தாண்டியும் கொத்தினாள்.
ஒவ்வொரு பத்து நிமிடமும் எழுதி வந்தேன்.
'குறிப்புகள்' என்ற கட்டம்
ஒன்பது மணிக்கே நிரம்பிவிட்டது.
ஓரத்தில் எழுதினேன், மறுபக்கத்தில் எழுதினேன்.
"காணும், வாங்க" என்றான் ஜெஸீல்.

புறாவின் சட்டையைக் கழற்ற மறந்திருந்தோம்.
கயிறு விட்ட தூரம்வரை நடந்துபோய்
அவன் கொட்டிய நெல்லைத்
தின்றுகொண்டிருந்தது.
மேலே ஒரு காகம் கடந்தது.
நிறுத்தியது.
நிழல் போனதும்
மறுகா தின்றது.