மூன்றாம் பிரதிவாதி

பள்ளத்தூர் தாண்டி வண்டி படுத்துக்கொண்டது.
கைகாட்டாமலே ஓரங்கட்டி நின்ற ஜீப்பில்
சோலையப்பன்.
என் பங்காளி.
இரண்டாங்கட்டுப் பூட்டு வழக்கில்
மூன்றாம் பிரதிவாதி.
நாலு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:
"சாவிய எடுத்துறாதிய,
ஸ்டீயரிங் பூட்டிக்கிரும்."

கயிற்றை அவனே மாட்டினான். பதினைந்தடி.
நடுவில் ஒரு சிவப்புத் துண்டு.
நான் கியரை நியூட்ரலுக்குத் தட்டி
ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன்.

இன்ஜின் செத்த வண்டியில்
பிரேக் கல்லாய்க் கிடக்கிறது,
எழுந்து நின்று மிதிப்பதுபோல் மிதிக்க வேண்டும்.
அவன் வேகம் குறைத்தால்
கயிறு தொய்ந்து தாரில் புரள்கிறது.
அதன்மேல் ஏறிவிடாமல்
நான்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்,
இழுபட்டுப் போகிற நான்.

கொஞ்ச தூரம் கயிற்றையே பார்த்தேன்.
பிறகு அவன் பிடரியை.
நரைத்திருக்கிறது.
அதற்கும் பிறகு, அவன் முன்கண்ணாடி வழியே
அவன் பார்க்கிற சாலையை.

கோட்டையூர் வளைவில் குறுக்கே ஒரு மயில்.
அவன் கால் அழுத்துமுன்
என் கால் அழுத்தியிருந்தது.
விண்ணென்று நின்றது கயிறு.
ஜன்னலுக்கு வெளியே அவன் கை
ஒருதரம் உயர்ந்து இறங்கியது.
நன்றியா, மெதுவாகவா, தெரியவில்லை.

செக்காலை ரோட்டில்
கொக்கியைக் கழற்றினார் மெக்கானிக் அந்தோணிராஜ்.
"வியாழக்கிழமை வாய்தா" என்றான் சோலையப்பன்.
"தெரியும்."
கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே
பின்சீட்டில் எறிந்துவிட்டுப் போனான்.

நான் இறங்கவில்லை.
"பேட்டரி இறங்கிரும் சார்,
இனிமே சாவியை எடுக்கலாம்" என்கிறார்
அந்தோணிராஜ்.