கிட்டவும் எட்டவும்

மூன்று விடியல் நிலாவெளியில் வள்ளம் ஏறினேன்,
நீலத்திமிங்கிலம் ஒன்றுக்காக.
வந்த படத்தில்
சரிந்த கடல், றிபாய்தீனின் முழங்கை,
அதற்கப்பால் எண்ணெய் ஊற்றினாற்போல்
அலையடங்கிய ஒரு வட்டம்.

"அதுதான் அதின்ர காலடி" என்றான்.
காலே இல்லாததற்கு.

இரவு, திருமலை பஸ் நிலையம்.
கொம்பில் நைலோன் நூல் சுற்றிய புள்ளிமான்
லொத்தர்ச் சீட்டொன்றை மென்றபடி
நேரே என்னிடம் வந்தது.
என் நீள வில்லைக்கு அது மிகக் கிட்ட.
ஓரடி பின்வாங்கினேன்; அதுவும் ஓரடி வைத்தது.
இன்னும் ஓரடி.
முதுகில் மட்டக்களப்பு பஸ்ஸின் சூடான முகப்பு,
வில்லையெங்கும் மூச்சு.
அமத்தினேன்.

வெள்ளையாய் ஒரு வட்டம், வேறொன்றுமில்லை.
றிபாய்தீனுக்கு அனுப்பிவைத்தேன்.
"எந்தப் பக்கம் போச்சு?" என்று
கேட்டிருக்கிறான்.